படித்ததும் படித்ததாகச் சொல்வதும்

அண்மையில் வாசித்த நூல் யாது என்னும் வினா தமிழ் பயிலும் இளைஞரிடையே எழும்போதெல்லாம் இருவகை விடைகள் தோன்றுகின்றன. ஒன்று மனத்துள் எழுவது. மற்றையது வாயினின்று வெளிப்படுவது. மனத்துள் எழுவது ஒரு துப்பறியும் நாவலாகவோ, வார இதழொன்றின் தொடர்கதையாகவோ, மொழிபெயர்ப்புச் சிறுகதையாகவோ, கைத்தொலைபேசித் திரையில் இரவு நெடுநேரம் வாசித்த கட்டுரையாகவோ இருக்கும். வாயினின்று வெளிவருவதோ சிலப்பதிகாரம், கம்பராமாயணம், குறுந்தொகை என்னும் பெயர்களுள் ஒன்றாகும். இப்பெயர்களைச் சொல்பவர் அந்நூல்களை அறவே அறியாதவர் அல்லர். க.பொ.த. உயர்தரப் பாடத்திட்டத்திற் சேர்க்கப்பட்ட பகுதியைக் கற்றிருப்பார். அதற்கான குறிப்புகளை மனனஞ் செய்திருப்பார். பட்டிமன்றத்திற் கேட்ட மேற்கோள்கள் இரண்டொன்றை நினைவில் வைத்திருப்பார். ஆயின், நூலைக் கையிலெடுத்துத் தொடக்கம் முதல் ஈறுவரை, எவரும் ஏவாது, தம் விருப்பத்தின்பேரில் வாசித்ததுண்டா என வினவின் நேரான விடை கிடைப்பது அரிது.

இதனைச் சிறியதொரு பாசாங்கெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. ஒரு சமூகத்தின் இலக்கிய வாழ்வு, அச்சமூகத்தினர் மெய்யாகவே எவற்றை வாசிக்கின்றனர், வாசித்தவற்றைப் பற்றி என்ன எண்ணுகின்றனர் என்பவற்றிலேயே தங்கியுள்ளது. வாசித்ததை மறைத்து வாசியாததை உரைக்கும் பழக்கம் வேரூன்றிவிடின் இருவகை நூல்களைப் பற்றியும் உரையாடல் நிகழாது போகும். வாசித்த நூல் வெட்கத்தினால் மறைக்கப்படும்; வாசியாத நூல் வெறும் புகழுரையோடு நின்றுவிடும். தமிழ்ச் சூழலில் இன்று பெருமளவிற்கு நடைபெறுவது இதுவே. இதற்கு வாசகனின் சோம்பலைக் காரணங் காட்டுதல் எளிது. ஆனால், செவ்விலக்கியத்தை வாசிப்புக்குரிய பொருளென்ற நிலையினின்று அகற்றிப் பணிந்து நிறைவேற்ற வேண்டிய கட்டளையாக ஆக்கியோரே இந்நிலைக்கு முதற் பொறுப்பாளிகளாவர்.

இக்கட்டளை எங்கிருந்து பிறக்கின்றது என்பதை முதலில் நோக்குதல் தகும். அதற்கு மூன்று ஊற்றுக்கள் உள்ளன.

முதலாவது பரீட்சை. பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் செவ்விலக்கியம் மாணவரை வந்தடைவது துண்டு துண்டாகவே. ஒரு காண்டத்திலிருந்து ஒரு படலம், ஒரு தொகையிலிருந்து சில பாடல்கள், அவற்றோடு சொற்பொருள், அணி, பாத்திரப் பண்பு என வகுத்த குறிப்புகள் ஆகியனவே அவர் காண்பவை. கேட்கப்படும் வினாக்களும் முன்கூட்டியே அறியத்தக்கவை. எனவே நூலை வாசித்தவரைக் காட்டிலும் குறிப்பை வாசித்தவர் கூடிய புள்ளி பெறுதல் இயல்பாகின்றது. இத்தகைய பயிற்சியைப் பல ஆண்டுகள் பெற்ற ஒருவர், ஒரு நூலைப் பற்றிப் பேசுவதற்கு அதனை வாசித்திருக்க வேண்டியதில்லை என்னும் முடிவுக்கு வருவாராயின் அவரை நோவதிற் பயனில்லை. அவருக்குக் கற்பிக்கப்பட்டதே அதுதான்.

இரண்டாவது பெருமிதம். 2004ஆம் ஆண்டு இந்திய அரசு தமிழைச் செம்மொழியென அறிவித்தது. அவ்வறிவிப்பினால் ஆய்வுக்குச் சில வசதிகள் கிட்டின என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும், செம்மொழி என்னும் சொல் மேடைகளில் ஒலிக்கும் அளவிற்குச் செம்மொழி நூல்கள் வீடுகளில் விரிக்கப்படவில்லை. ஈராயிரம் ஆண்டு என்னும் கணக்கு ஒரு பட்டயம்போலக் காட்டப்படுகின்றது. பட்டயத்தை எவரும் வாசிப்பதில்லை. சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவர்.

மூன்றாவது, ஈழத்திற்கே சிறப்பாக உரிய இழப்பு. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவும் மறுநாளும் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் மீளப்பெற இயலாத ஏட்டுச்சுவடிகளும் அடங்கும். அந்நெருப்பின் பின் பிறந்த தலைமுறைகளுக்கு வாசிப்பு ஒரு கடன் என்றே சொல்லப்பட்டு வந்துள்ளது. முன்னோர் செல்வம் எரிந்தது, எஞ்சியதைக் கல்லாதவன் அந்நெருப்புக்குத் துணைபோகின்றான் என்னும் தொனியில் அறிவுரைகள் வழங்கப்படுகின்றன. இத்துயரின் உண்மையை எவரும் ஐயுறார். ஆனால் அத்துயரை இளைஞரின் தலைமீது பழியாக இறக்கிவைத்தல் நேர்மையன்று. அந்நூலகத்தின் வரலாறே இதற்கு மாறான சான்றைத் தருகின்றது. 1933ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா தம் இல்லத்திலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கிய முயற்சியே அதன் தோற்றுவாய். அடுத்த ஆண்டில் அது சில நூறு நூல்களோடும் செய்தித்தாள்களோடும் சஞ்சிகைகளோடும் ஒரு வாசிகசாலையாயிற்று. அன்றைய நாளிதழை வாசிக்க வந்தவனையும் அந்த வாசிகசாலை வாசகனென்றே ஏற்றது. அவ்வாறு ஏற்றதனாலேயே அது பிற்காலத்திற் பெருநூலகமாக வளர முடிந்தது. எரிந்தவற்றுள் காப்பியங்கள் இருந்தன, நாளிதழ்களும் இருந்தன. ஒன்றிற்காக அழுது மற்றொன்றை இகழ்தல் அந்நூலகத்தின் நினைவிற்கே பொருந்தாத செயலாகும்.

இனி, வாசித்தே ஆகவேண்டிய நூல்கள் எனச் சொல்லப்படும் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். இப்பட்டியல் தொன்றுதொட்டு மாறாது வந்ததெனப் பலர் நம்புகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

1880ஆம் ஆண்டிற் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த வரலாறு தமிழ் மாணவர் பலரும் அறிந்ததே. ஐயர் தம் வாழ்க்கை வரலாற்றிலே அதனை விரிவாகக் கூறியுள்ளார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையின் மாணவரான அவர், தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் வரிசைப்படுத்திச் சொன்னார். அக்காலத்தில் அதுவே உயர்ந்த கல்வி. முதலியார் அவற்றைப் பொருட்படுத்தாது, சீவகசிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் கற்றதுண்டா என வினவினார். கற்றதில்லை என்பதே விடையாயிற்று. அவருடைய ஆசிரியரும் அந்நூல்களைக் கற்பித்தாரல்லர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த புலவரிடம் பயின்ற மாணவருக்கே சிந்தாமணி அறிமுகமாகியிருக்கவில்லை என்பது எண்ணத்தக்கது. ஐயர் பதிப்பித்த சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அச்சேறின. ஈழத்தவரான சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை 1887இற் பதிப்பித்தார். இன்று எக்காலத்தும் தமிழரின் உயிர்மூச்சாய் விளங்கியவை எனப் போற்றப்படும் நூல்களிற் பல, பரந்துபட்ட வாசகரின் கையை வந்தடைந்து ஒன்றரை நூற்றாண்டு கூட நிறையவில்லை. அதற்கு முந்திய யாழ்ப்பாணத்திலே கற்றோரும் கல்லாதோரும் தமக்குரியதெனக் கொண்ட பெருநூல் கந்தபுராணமேயாகும். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அப்பண்பாட்டிற்குக் கந்தபுராணக் கலாசாரம் எனப் பெயரிட்டதும் அதுபற்றியே. இன்றைய பட்டியலிற் சங்க நூல்கள் முன்னிற்கக் கந்தபுராணம் பின்தள்ளப்பட்டுள்ளது. பட்டியல் மாறியுள்ளது, இனியும் மாறும்.

அண்மைக்கால நூல்களிலும் இதுவே நிகழ்ந்துள்ளது. 1950ஆம் ஆண்டு தொடக்கம் 1954ஆம் ஆண்டு வரை கல்கி இதழில் வாரந்தோறும் வெளிவந்த பொன்னியின் செல்வன், பொழுதுபோக்குத் தொடர்கதையாக வாசிக்கப்பட்டது. இன்று அதனை வாசியாதவர் வெட்கப்பட வேண்டுமென்னும் அளவிற்கு நிலைமை மாறியுள்ளது. மறுபுறத்தில், சித்திலெவ்வை 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட அசன்பேயுடைய சரித்திரம் ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமெனக் கருதப்படுவது. எனினும் அதனை வாசியாமைக்காக வெட்கமுறுவோரைக் காண்பது அரிது. ஆகவே, எதனை வாசியாமை வெட்கத்திற்குரியது என்பதைத் தீர்மானிப்பது நூலின் தரம் மாத்திரமன்று. எவர் பட்டியலிடுகின்றார், எந்த ஊரிலிருந்து, எந்தச் சமூகத்திலிருந்து, எந்தக் காலத்தில் என்பனவும் அதனைத் தீர்மானிக்கின்றன. இதனை உணர்ந்தவர் பட்டியலை வாசிப்பார்; அதன்முன் தலைகுனிந்து நிற்கமாட்டார்.

கும்பகோணத்துச் சந்திப்பைக் கட்டளைக்கு ஆதரவாக எடுத்துக்காட்டுவோரும் உளர். முதலியாரின் கடுமையான வினா இல்லையேல் ஐயரின் பதிப்புப் பணி தொடங்கியிராது, ஆகவே நெருக்குதல் நன்றே பயக்கும் என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் அந்நிகழ்ச்சியின் பாதியை மாத்திரமே காண்கின்றது. முதலியார் வினவியதோடு நின்றாரல்லர். சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியை வருவித்து ஐயரிடம் சேர்ப்பித்தார். அதனினும் முக்கியமானது ஐயரின் விடை. கற்றதில்லை என்பதை அவர் ஒளிக்கவில்லை. நூல் கைக்கு வந்தபின் அதன் சமணக் கருத்துக்கள் விளங்காதபோது, விளங்கியதாகப் பாவனை செய்யவுமில்லை. கும்பகோணத்திலே வாழ்ந்த சமணரின் இல்லங்களுக்குச் சென்று, அந்நூலை வழிவழியாகப் போற்றிவந்த அவர்களிடம் கேட்டறிந்தார். கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் தமக்குத் தெரியாததைத் தெரிந்தாரிடம் கேட்கச் சென்றமையே அப்பதிப்பின் அடித்தளம். அன்று அவர், பார்த்திருக்கின்றேன், சிறந்த நூல்தான் என்று சமாளித்திருப்பாராயின் தமிழ்ப் பதிப்பு வரலாறு வேறுவிதமாய் அமைந்திருக்கும். இன்று கலைப்பீட விடுதிகளிற் பெருகிவருவது அந்தச் சமாளிப்பே. கட்டளையிடுவோரிற் பலர் வினவுவதோடு நின்றுவிடுகின்றனர். நூலைக் கையிற் கொடுப்பதுமில்லை, உடனிருந்து கற்பதுமில்லை.

செவ்விலக்கியம் தனித்திருந்து சுமக்கவேண்டிய சுமை என்னும் எண்ணமே புதியது. முன்னர் அது பலர் கூடிப் பகிர்ந்துகொண்ட ஒன்றாகவே இருந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நிகழ்ந்த புராணபடனத்திலே ஒருவர் பாடலை இசையோடு படிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். எழுத்தறியாத முதியவளும் அதனைக் கேட்டுச் சூரன் வதையை அறிந்தாள். அவளை எவரும், கந்தபுராணத்தை முற்றாக வாசித்தாயா எனக் கேட்டதில்லை. ஆறுமுக நாவலர் 1852ஆம் ஆண்டிற் பெரியபுராணத்தை வசனமாக எழுதி வெளியிட்டபோதும், பாட்டை வாசிக்க இயலாதோர் நாணுக என்று அவர் சொல்லவில்லை. அவர்கள் வாசிக்கத்தக்க நடையிலே அதனை ஆக்கிக் கொடுத்தார். மட்டக்களப்பிலும் மன்னாரிலும் மலையகத்திலும் கூத்துக்கள் இப்பணியைச் செய்தன. மலையகத் தோட்டங்களிலே காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் எழுத்தறிவு மறுக்கப்பட்ட தொழிலாளருக்குப் பழங்கதைகளைக் கொண்டுசென்றன. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துக்களை மேடையேற்றியபோது, இதிகாசம் பல்கலைக்கழக மாணவரின் உடலிலும் குரலிலும் இறங்கியது. அம்மாணவர் கம்பனையும் வில்லியையும் கடனுக்காக அணுகவில்லை. ஆடுவதற்கும் பாடுவதற்கும் அக்கதைகள் அவர்களுக்குத் தேவைப்பட்டன.

எனினும் பழமையைப் பொற்காலமெனக் காட்டி மயங்குதலும் தவறு. புராணபடனம் நிகழ்ந்த அதே கோயில்களின் வாயில்கள் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அடைக்கப்பட்டிருந்தன. 1957ஆம் ஆண்டிற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் அவை எளிதில் திறக்கப்படவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் முன்றலிலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. கந்தனின் கதையைக் கேட்பதற்கே போராட வேண்டியிருந்த மக்களின் பிள்ளைகளை நோக்கி, உங்கள் செவ்விலக்கியத்தை நீங்கள் ஏன் கற்கவில்லை எனக் கேட்பது கொடிய நகைப்பாகும். பாடசாலைக் கல்வியை இளமையிலேயே கைவிட நேர்ந்த டொமினிக் ஜீவா, யாழ்ப்பாணத்திலே தாம் தொழில் செய்த சலூனிலிருந்து 1966ஆம் ஆண்டு மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கினார். அச்சஞ்சிகை 2012ஆம் ஆண்டு வரை வெளிவந்தது. சவரத்திற்குக் காத்திருப்போர் கதையும் கட்டுரையும் வாசித்த அவ்விடத்தில், எதனை வாசித்தல் தகும் என்று தீர்ப்பளிக்க எந்தப் பண்டிதரும் அமர்ந்திருக்கவில்லை. ஈழத்து இலக்கிய வளர்ச்சியில் அந்தச் சலூனின் பங்கு, பட்டியல் வகுத்த பல சபைகளின் பங்கிலும் மிகுதியானது.

இலகு வாசிப்பு எனப் பழிக்கப்படுவதைப் பற்றியும் இங்குக் கூறுதல் வேண்டும். 1970களின் தொடக்கத்திலே தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட சூழலில், வீரகேசரி நிறுவனம் ஈழத்து எழுத்தாளரின் நாவல்களை மலிவு விலையில் வெளியிட்டது. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் நிலக்கிளியும், நெடுந்தீவு மீனவர் வாழ்வைக் கூறும் செங்கை ஆழியானின் வாடைக்காற்றும் இவ்வரிசையில் 1973இல் வந்தவையாகும். பேருந்திலும் கடையிலும் அடுப்பங்கரையிலும் வாசிக்கப்பட்ட நூல்கள் இவை. தம் ஊரும் தம் பேச்சும் அச்சில் வரத்தக்கவை என்பதை ஈழத்து வாசகர் பலர் இவற்றினூடாகவே கண்டனர். அவ்வாறே மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் மிகக் குறைந்த விலையில் அனுப்பிய தமிழ் மொழிபெயர்ப்புகள், சோவியத் ஒன்றியம் 1991இற் கலையும் காலம் வரையும், தொழிற்சங்க அலுவலகங்களிலும் மாணவர் அறைகளிலும் கைமாறின. கோர்க்கியின் தாய் நாவலை வாசித்தவர் உலகச் செவ்விலக்கியம் ஒன்றைக் கற்கின்றோம் என்ற பெருமிதத்தோடு வாசிக்கவில்லை. கையில் கிடைத்தது, விலை குறைவாயிருந்தது, கதை பிடித்தது, ஆகவே வாசித்தனர். நூல் வாசகனை அடைவதற்கு இவையே போதிய காரணங்கள்.

இத்தகைய வாசிப்பிலிருந்து எல்லாரும் சங்க இலக்கியத்திற்கு ஏறிச்சென்றுவிடுவர் என வாதிடுவதற்கில்லை. சிலர் செல்வர், பலர் செல்லார். செல்லாதவரின் வாசிப்பு அதனால் வீணாகிவிடுவதில்லை. தொழில் முடிந்து வீடு திரும்பிய பெண்ணொருத்தி, சமையலும் முடிந்தபின் கிடைக்கும் அரைமணி நேரத்தில் தொடர்கதை ஒன்றை வாசிக்கின்றாளெனின், அவள் நாளில் அவளுக்கே உரிய பொழுது அதுவொன்றே. தமிழ் மேடைகளிற் குடும்ப நாவல் வாசிப்பவள் என்னும் ஏளனம் பெரும்பாலும் பெண்கள் மீதே வீசப்படுகின்றது. அரசியல் வார இதழை மாத்திரம் வாசிக்கும் ஆண்மகனை நோக்கி அவ்வேளனம் எழுவதில்லை. செவ்விலக்கியத்தின் பெயரால் நிகழும் இந்த ஏற்றத்தாழ்வு இலக்கியத்தோடு தொடர்பற்றது.

அவ்வாறாயின் எல்லா நூல்களும் சமமா, தர வேறுபாடே இல்லையா என எதிர்வினா எழலாம். வேறுபாடு உண்டு, அதனை மறுப்பது அறிவுடைமையன்று. ஆனால் தரத்தை அறிவதற்கு ஒரே வழி ஒப்பிட்டு வாசித்தலே. பேராசிரியர் க. கைலாசபதி 1968ஆம் ஆண்டிற் பண்டைத் தமிழ் வீரயுகப் பாடல்களைக் கிரேக்கப் பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த தம் ஆங்கில நூலை வெளியிட்டார். தமிழ் நாவல் இலக்கியம் என்னும் அவரது நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது. புறநானூற்றிற்கும் தொடர்கதையாய் வந்த நாவலுக்கும் ஒரே கூர்மையான கவனத்தைச் செலுத்த முடியுமென்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. நாவலை வாசித்தமைக்காக அவர் நாணவுமில்லை. புறநானூற்றை ஆராய்ந்தமைக்காக அதனைத் தெய்வமாக்கவுமில்லை.

இவ்விடத்து மறுதரப்பினரையும் தப்பவிடுதல் ஆகாது. செவ்விலக்கியம் யாவும் நிலவுடைமைச் சமுதாயத்தின் எச்சங்கள், இன்றைய போராட்டங்களுக்கு அவற்றாற் பயனில்லை எனக் கூறி ஒதுக்குவோர் உளர். இவர்களிற் பலர் ஒதுக்குவதற்கு முன் வாசித்தவர்களல்லர். வாசியாது போற்றுதல் பாசாங்கெனின் வாசியாது தூற்றுதலும் பாசாங்கே. பண்டிதர் அச்சுறுத்தலும் முற்போக்காளர் அலட்சியமும் ஒன்றோடொன்று பகைபோலத் தோன்றினும், இரண்டும் இளைஞனை நூலின் வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றன. முன்னவர் கும்பிட்டுத் திரும்பச் சொல்கின்றனர். பின்னவர் காறி உமிழ்ந்து திரும்பச் சொல்கின்றனர். உள்ளே செல்லும்படி சொல்வார் இருவரிடையேயும் அருகியே காணப்படுகின்றனர்.

நெருக்குதல் நீங்கின் செவ்விலக்கியம் அழியும் என்னும் அச்சம் எஞ்சியுள்ளது. நெருக்குதல் இருந்தும் அது வாசிக்கப்படவில்லை என்பதே கண்கூடு. இன்று நூல் கிடைக்கவில்லை என்னும் காரணமும் பெரிதும் நீங்கிவிட்டது. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தருகின்றது. 2005ஆம் ஆண்டு முதல் இயங்கும் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பாடசாலை மலர்களையும் ஒருசேரப் பேணுகின்றது. சங்க நூல்கள் அனைத்தும் ஒரு கைத்தொலைபேசியினுள் அடங்கும் காலம் இது. அவை வாசிக்கப்படாமைக்குக் காரணம், அவற்றைத் தொடுவதற்கே அஞ்சும்படி வளர்க்கப்பட்டமையாகும். முற்றாக அறிந்தாலன்றிப் பேசக்கூடாது, பிழைபட உணர்ந்தால் நகைப்பர் என்னும் அச்சத்தோடு எவரும் ஒரு கவிதையை வாசித்து மகிழ்ந்ததில்லை.

இதனை மாற்றுதல் இயலாத காரியமன்று. தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் நடத்தும் விழாக்களிலே செவ்விலக்கியத்தின் பெருமை பேசும் உரைகளிற் பாதியையேனும் குறைத்து, உறுப்பினர் தாம் மெய்யாக வாசித்த நூலைப் பற்றிப் பேசும் கூட்டங்களை நடத்தலாம். அந்நூல் எதுவாகவும் இருக்கலாம். துப்பறியும் நாவலை வாசித்தவர், அது தம்மைக் கட்டிவைத்தது எதனால் என்பதைச் சொல்லட்டும். கம்பராமாயணத்தைத் தொடங்கி நாட்டுப்படலத்தோடு நிறுத்தியவர், அவ்விடத்தில் நின்றதற்குக் காரணத்தைச் சொல்லட்டும். அக்காரணம் உரையாசிரியருக்கும் விரிவுரையாளருக்கும் பயன்படும். பொய்யான புகழ்ச்சி எவருக்கும் பயன்படாது.

வகுப்பறையிற் பத்து நூல்களின் துண்டுகளுக்குப் பதிலாக ஒரு சிறு நூலை முழுமையாகக் கற்பிக்கலாம். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகளே கொண்டது. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. கார்காலத்திலே தலைவனின் வரவை எதிர்நோக்கியிருக்கும் தலைவியையும், பாசறையிலே துயிலாதிருக்கும் அரசனையும் அது காட்டுகின்றது. போர்க்காலத்திற் காத்திருத்தல் என்பது யாதென்பதை ஈழத்து மாணவருக்கு எவரும் உரையெழுதி விளக்க வேண்டியதில்லை. நல்ல உரையொன்றைத் துணைக்கொண்டு நால்வர் கூடி அமர்ந்தால் ஒரு மாலைப்பொழுதில் அதனை வாசித்து முடிக்கலாம். ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்லும் பழைய முறையையே அங்கு மேற்கொள்ளலாம். ஆனால் இம்முறை வாயிலில் எவரையும் மறிக்காமல். விளங்காத அடிகளை விளங்கவில்லை என்று குறித்துக்கொண்டு, அறிந்தவரிடம் கேட்கச் செல்லலாம். கும்பகோணத்திலே கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு இழுக்காகாத செயல், பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பயிலும் மாணவருக்கு இழுக்காகாது.

முல்லைப்பாட்டின் அந்த 103 அடிகளையும் வாசித்து, அவற்றுட் பத்து அடிகள் விளங்கவில்லை என்று சொல்லும் மாணவர், எட்டுத்தொகையின் பெயர்களை மூச்சுவிடாது ஒப்பிப்பவரினும் தமிழுக்கு அணுக்கமானவர். அவர் நேற்றிரவு ஒரு துப்பறியும் நாவலை வாசித்திருந்தால் அதனையும் கூசாமற் சொல்லட்டும். அவ்விரண்டையும் ஒரே மூச்சிற் சொல்லக்கூடிய சூழலை ஆக்கித் தருவதே தமிழின் பெயரால் இயங்கும் சங்கங்களின் உடனடிக் கடமையாகும்.